துண்டின் மறைவில் முதல் சம்பளம்

ஜெர்மனியில் ஏர்ஃபுர்ட் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி வழங்கிய ஒரு தீர்ப்பை, அந்நாட்டில் படித்துப் பட்டம் பெற்று அங்கேயே முதல் உத்தியோகம் தேடும் நம் பிள்ளைகள், அதிலும் மார்க்கெட்டிங், விற்பனை போன்ற துறைகளில் நுழைய விரும்புகிறவர்கள், நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். சாக்சனி மாநிலத்து உலோகத் தொழில் ஸ்தாபனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் 2017 மார்ச் மாதம் ஒரு பெண்மணி சேர்ந்தார். அவருக்கு இரண்டு மாதம் முன்பாக, அதே வேலைக்கு, ஓர் ஆடவர் சேர்ந்திருந்தார். இருவருக்கும் ஸ்தாபனம் முதலில் சொன்ன அடிப்படைச் சம்பளம் மாதம் 3,500 யூரோ. பெண்மணி அதற்கு இசைந்தார், ஆடவரோ, விற்பனையை ஒட்டிய ஊக்கத்தொகை தொடங்கும் வரையில் தமக்கு 4,500 யூரோ வேண்டும் என்றார், பெற்றார்.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்த ஆடவர் திறமையாகப் பேசினார், அதனால் கூடுதலாகப் பெற்றார், இதில் ஆண் பெண் என்ற பேதம் எங்கே வந்தது என்பதே ஸ்தாபனத்தின் பிரதான சமாதானமாக இருந்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அதை ஏற்று வழக்கைத் தள்ளின. மேல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரே வேலையைச் செய்யும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த அடிப்படைச் சம்பளம் தரப்படுகிறது என்று தெரிந்தவுடனேயே பாரபட்சம் நிகழ்ந்ததாக அனுமானம் எழுகிறது என்றும், மற்றவர் பேரத்தில் வல்லவர் என்று சொல்வதால் மட்டும் அந்த அனுமானம் நீங்கிவிடாது என்றும் கூறி, சுமார் 14,500 யூரோ சம்பள பாக்கியும் 2,000 யூரோ நஷ்டஈடும் அந்தப் பெண்மணிக்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அது அற்பமான ஆட்சேபம் அன்று. விற்பனையும் மார்க்கெட்டிங்கும் பேச்சை மூலதனமாகக் கொண்ட தொழில்கள் அல்லவா, தன் சம்பளத்தையே சாதுரியமாகப் பேசி உயர்த்திக்கொள்ளத் தெரியாதவர் கம்பெனியின் சரக்கை எப்படிப் பேசி விற்பார் என்று கேட்பார்கள். நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் சரக்கை விற்கப் போகிறவன் அதன் பெயரையும் விலைப்பட்டியலையும் துணையாகக் கொண்டு, வியாபாரம் படியாவிட்டால் அடுத்த வாடிக்கையாளரிடம் போகலாம் என்ற தைரியத்தோடு பேசுகிறான். முதல் சம்பளத்தைப் பேசப் போகிறவனோ, தன் விலை என்னவென்று தனக்கே தெரியாமல், வேண்டாம் என்று எழுந்துவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி என்ற பயத்தோடு பேசுகிறான். இவ்விரண்டும் ஒரே திறமை என்று சொல்லுவது, எனக்குத் தோன்றுகிறபடி, நியாயம் அறிந்த பேச்சாகாது.

அந்தப் பயம் அயல்நாட்டிலிருந்து போனவனுக்கு இரட்டிப்பாகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அயல்நாட்டு மாணவனுக்குத் தகுந்த வேலை தேடிக்கொள்ளச் சட்டம் பதினெட்டு மாத அவகாசம் தருகிறது. பத்தாவது மாதத்தில் வருகிற அழைப்பை அவன் எந்த மனநிலையில் எதிர்கொள்வான் என்பதை யாரும் ஊகிக்கலாம். புளூ கார்டு என்னும் அனுமதிக்கு, புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் விஷயத்தில், ஆண்டுச் சம்பளம் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அரசாங்கம் வருஷந்தோறும் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. 2025-இல் அது 43,759 யூரோ 80 சென்ட். நியாயமான ஊதியத்தை அளப்பதற்காக ஏற்பட்ட கோல் அன்று அது. ஆயினும் பகிரங்கமாக நிற்கும் ஓர் எண் கையில் இருப்பதே பேச வந்தவனுக்கு எத்தனையோ பலம். போதாக்குறைக்கு, 'முதல்ல வேலையில சேர்ந்துரும்மா, சம்பளத்தை அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் அன்பான உபதேசம் வேறு. அப்புறம் பார்க்க முடிவதில்லை என்பதே உண்மை. பின்னால் வரும் உயர்வுகள் பெரும்பாலும் முதல் தொகையின் மேல் சதவீதமாகவே கணக்கிடப்படுகின்றன. முதுமையில் வரும் அரசாங்க ஓய்வூதியமும் ஒவ்வோர் ஆண்டின் சம்பளத்தையும் அந்நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டே புள்ளிபுள்ளியாகச் சேருகிறது.

ஜெர்மன் வேலை விளம்பரங்களில் சம்பளம் இன்னதென்று சொல்லாமல், விண்ணப்பதாரர் தாம் எதிர்பார்க்கும் ஆண்டுச் சம்பளத்தை, வரிப்பிடித்தத்துக்கு முந்திய தொகையாக, எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பக்கத்து நாடான ஆஸ்திரியா 2011-லேயே விளம்பரத்தில் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று விதித்துவிட்டது. தொழிற்சங்க ஒப்பந்தம் அமலில் உள்ள ஜெர்மன் ஆலைகளில் ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய சம்பளம் அச்சிட்ட அட்டவணையாக இருக்கிறது. ஆனால் மார்க்கெட்டிங் படித்த பிள்ளைகள் முதலில் போய்ச் சேரும் சிறு விளம்பர நிறுவனங்கள் பலவற்றில் அத்தகைய அட்டவணை இல்லை.

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போர்த்து அதன் மறைவில் விரல்களைப் பிடித்து விலை பேசுவது வழக்கம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அந்த மாடு என்ன விலைக்குப் போயிற்று என்று தெரியவே தெரியாது. ஜெர்மன் ஸ்தாபனங்கள் சில வேலை ஒப்பந்தத்திலேயே, சம்பளத்தைச் சகாக்களிடம் சொல்லக் கூடாது என்று ஒரு ஷரத்தை எழுதி வைத்தது இதே துண்டுதான். மெக்லன்பர்க்-மேற்குப் பொமரேனியா மாநிலத் தொழிலாளர் நீதிமன்றம் 2009-இல் அத்தகைய ஷரத்துச் செல்லாது என்று தீர்த்தது. 2017-இல் வந்த ஊதிய வெளிப்படைத்தன்மைச் சட்டம் சகாக்களின் சம்பளத்தைப் பற்றிக் கேட்டறியும் உரிமையைத் தந்தது. ஆனால் 200 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் மட்டும். இருபது பேர் இருக்கும் விளம்பர நிறுவனத்தில் துண்டு அப்படியே கிடந்தது.

ஏர்ஃபுர்ட் தீர்ப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அது ஆண் பெண் பேதத்தை ஆதாரமாகக் கொண்டது. சங்கோசத்தால் குறைவாகக் கேட்ட ஓர் இளைஞன், தாராளமாகக் கேட்ட இன்னோர் இளைஞனைக் காட்டி அந்தத் தீர்ப்பின் பேரில் வழக்காட முடியாது. ஆனால் பேரத்திறமை சம்பள வித்தியாசத்துக்குப் போதிய நியாயம் ஆகாது என்ற அதன் தர்க்கம், சட்டம் அனுமதிக்கும் எல்லையைவிட வெகுதூரம் செல்லக்கூடியது என்றே நான் கருதுகிறேன். ஆகையால் நம் பிள்ளைகள், தொகையைச் சொல்லுமுன், இந்த இடத்துக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று மரியாதையோடு கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. அது வருஷத்துக்குப் பன்னிரண்டு சம்பளமா பதின்மூன்றா, ஆறு மாதச் சோதனைக் காலம் முடிந்ததும் மறுபரிசீலனை உண்டா என்பதையும் அப்பொழுதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை, உறுப்புநாடுகள் 2026 ஜூன் 7-ஆம் தேதிக்குள் தத்தம் சட்டமாக்க வேண்டும் என்ற கெடுவோடு வந்தது. அதன்படி, தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ பேச்சு தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். முந்தைய வேலையில் என்ன வாங்கினீர்கள் என்று அவரைக் கேட்கக் கூடாது. சகாக்களின் சராசரி ஊதியத்தை அறியும் உரிமைக்கு ஆள்தொகை வரம்பும் இல்லை. அது சட்டமாகும்போது, இருபது பேர் இருக்கும் அந்தச் சிறு நிறுவனமும் முதலில் தன் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் எதிரில் அமர்ந்திருக்கும் பெண்ணின் தொகையைக் கேட்க வேண்டும்.