வயதல்ல கேள்வி

புணே போர்ஷே கார் வழக்கில், காரை ஓட்டிய சிறுவனை வயது வந்தவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற காவல் துறையின் மனுவைச் சிறார் நீதி வாரியம் 2025 ஜூலை 15-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. பணம் மறுபடியும் ஜெயித்துவிட்டது என்று பலரும் கொதித்தார்கள். 2024 மே 19 அதிகாலையில் கல்யாணி நகரில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு இளம் பொறியாளர்கள் அந்தக் கார் மோதிச் செத்து விழுந்ததை மறக்காத எவருக்கும் அந்தக் கொதிப்பு வரத்தான் செய்யும். நமக்கும் கோபம் இருக்கிறது. அந்த மனுவை நிராகரித்தவர்கள் மேல் இல்லை. அதைப் போட்டவர்கள் மேல்.

நிராகரிக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 16 வயதைத் தாண்டிய, 18 நிறையாத ஒருவரைப் பெரியவராக விசாரிக்க வேண்டுமானால், சுமத்தப்படும் குற்றத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டாவது இருக்க வேண்டும். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை உண்டு, குறைந்தபட்சம் கிடையாது. 2016 ஏப்ரலில் தில்லியில் ஒரு மெர்சிடிஸ் கார் மோதி 32 வயது இளைஞர் இறந்தார். ஓட்டியவருக்கு 18 வயது நிறையச் சில நாள்களே பாக்கி. அந்த வழக்கில்தான் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்த்து, இத்தகைய குற்றம் 'கொடிய குற்றம்' என்ற வகைக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. 2021-இல் நாடாளுமன்றம் அதையே சட்டத் திருத்தமாகவும் எழுதி வைத்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2024-இல் அதே குற்றத்தைச் சுமத்தி அதே கோரிக்கையை வைத்தார்கள். அதற்கு முடிவு தெரிய 14 மாதங்கள் ஆயின.

சிறாரைச் சிறாராக நடத்தும் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. ஒரு கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைக்காக அந்த வேலியைப் பிடுங்கினால், நாளை அந்த வழியாக இழுத்துச் செல்லப்படப் போகிறவன் ரயில் நிலையத்தில் பையைத் திருடினான் என்று பிடிபடும் நாதியற்ற பையன். நம் ஆத்திரம் வேறு. 'அவன் குழந்தையா, பெரியவனா' என்று ஓராண்டுக்கு மேல் ஊரே வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், சந்தேகமில்லாமல் பெரியவர்களாக இருந்த பலர் அந்தக் கேள்விக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். வீட்டார் சிலரும் மருத்துவர்களும் கைதானார்கள், உண்மை. ஆனால் அரசு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காரைத் தெருவில் விட்டவர் யார் என்று இன்றுவரை எவரும் கேட்கவில்லை.

அந்தக் காரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். போர்ஷே டைகான். மின்சாரக் கார். எடை இரண்டு டன்னுக்கு மேல். அந்த வரிசையில் மிகச் சாதாரணமானதே நின்ற இடத்திலிருந்து ஆறு விநாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். உச்ச வேகம் 200-ஐத் தாண்டும். பெட்ரோல் காரில் இன்ஜின் உறுமி, கியர் ஏறி, வேகம் கூடும்போது ஓட்டுகிறவனுக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைக்கும். மின்சார மோட்டாரில் அது இல்லை. கால் அழுந்திய அந்தக் கணத்திலேயே மொத்த இழுவிசையும் சக்கரத்துக்குப் போய்விடும். சத்தமும் கிடையாது. வேகம் மூன்று மடங்கானால் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 50 கிலோமீட்டரில் ஓடும் காரை நிறுத்தவும் திருப்பவும் பழகிய கைக்கு, 150-இல் அதே காரை அடக்கும் வித்தை தானாக வந்துவிடாது. வண்டி கையை விட்டுப் போய்விட்டது என்று தெரியும்போது ஓட்டுகிறவன் செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அப்படிப்பட்ட கார் நம்பர் பிளேட் இல்லாமல் புணே நகரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

2024 மார்ச்சில் பெங்களூரு விற்பனையாளரிடமிருந்து கர்நாடகத் தற்காலிகப் பதிவோடு வந்த வண்டி அது. புணே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கே சோதித்தும் பார்த்தார்கள். பதிவுக்குக் கட்ட வேண்டிய பணம் மட்டும் கட்டப்படவில்லை. எவ்வளவு? 1,758 ரூபாய். கடன் குறிப்புக்கு 1,500, பதிவு அட்டைக்கு 200, தபால் செலவுக்கு 58. மின்சார வாகனம் என்பதால் சாலை வரி ஒரு பைசா இல்லை. கோடி ரூபாய் வண்டிக்கு அரசு கேட்டது அவ்வளவுதான், அதுவும் வரவில்லை. தற்காலிகப் பதிவில் இருக்கும் வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் மட்டுமே ஓட்டலாம் என்று விபத்துக்குப் பிறகு போக்குவரத்துத் துறை விளக்கம் சொன்னது. விபத்துக்கு முன்னால் அந்த விதியை யார் காத்தார்கள்?

இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஹெல்மெட் போடாத காய்கறி வியாபாரியை மறித்து நிறுத்தத் தெரிந்த ஊர் அது. மொபெட்டில் பின் விளக்கு எரியவில்லை என்று அபராதச் சீட்டு கிழிக்கத் தெரிந்த ஊர். சாலைக்குச் சாலை கேமரா. நம்பர் பிளேட் இல்லாத வண்டியைக் கேமரா பிடிக்காது, ஏனென்றால் அதற்குப் படிக்க எண் வேண்டும். ஆனால் சாலை ஓரத்தில் நிற்கும் காவலருக்குக் கண் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் வண்டி. அதைக் கை காட்டி நிறுத்தி, 'பிளேட் எங்கே' என்று ஒருவர் கேட்டிருந்தால், சாவி அன்றைக்கே பறிமுதலாகியிருக்கும். ஜபல்பூரில் ஒரு வீட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் இன்னொரு ஊரில் மற்றொரு வீட்டிலும் இன்று அந்தப் பொறியாளர்களின் மாலை போட்ட படம் சுவரில் தொங்காது.

பெற்றோரைத் தண்டிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் பொறுப்பாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, அந்தச் சிறாருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் இல்லை. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் பெற்றோர் தலையிலேயே வைத்திருக்கிறது சட்டம். 14 மாதங்களில் அரசின் முழுப் பலமும் இந்தப் பிரிவின் மேல் இறங்கியிருக்க வேண்டும். மகனுக்கு எத்தனை வயது என்பதில் இறங்கியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 16 வயதில் ஒருவர் ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனம். ஆக, இன்ஜினின் பலத்துக்கும் ஓட்டுகிறவனின் பக்குவத்துக்கும் தொடர்பு உண்டு என்பது நம் சட்டத்துக்குத் தெரியும். 18 நிறைந்ததும் அந்த அறிவு அப்படியே மறைந்துவிடுகிறது. பழைய மாருதி 800-ஐ ஓட்டி எட்டுப் போட்டு வாங்கிய அதே இலகுரக வாகன உரிமம், மறுநாளே போர்ஷேயையும் லம்போர்கினியையும் ஓட்டப் போதும். 2016 செப்டம்பரில் ஒரு விடியற்காலையில் சென்னை கதீட்ரல் சாலைப் பக்கம் ஒரு போர்ஷே வரிசையாக நின்ற ஆட்டோக்களுக்குள் புகுந்து ஓர் ஆட்டோ ஓட்டுநரைக் கொன்றதே, அதை ஓட்டியவர் சிறுவர் இல்லை. 22 வயது இளைஞர். அங்கே வயது பற்றிய வழக்கே எழவில்லை. வண்டியின் பலம் பற்றிய கேள்வியும் எழவில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2019-இல் ஒரு லம்போர்கினி ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறி நடைபாதையில் ஏறி 15 வயதுச் சிறுமியைக் கொன்றது. ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தார் என்ற பெரிய குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் பெற்றோர் ஓயவில்லை. 2024 டிசம்பர் 1 முதல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு டன்னுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் சக்தி கொண்ட கார்களை ஓட்டத் தனி உரிமம் கட்டாயம். காரில் உள்ள தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாடுகளை ஓட்டுகிறவர் அணைத்துவைப்பதும் குற்றம். ஒரு சிறுமியின் சாவுக்கு ஒரு மாநில அரசு ஐந்து ஆண்டில் சட்டத்தால் பதில் சொன்னது. இங்கே இரண்டு சாவுக்கு முதல் நாளே பதில் சொன்னார்கள்: 300 சொல்லில் ஒரு கட்டுரை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட வேண்டாம். விபத்து நடந்து சுமார் 15 மணி நேரத்தில், வாரியத்தின் ஒரே ஓர் உறுப்பினர் உட்கார்ந்து பிணை கொடுத்தார். 7,500 ரூபாய் பத்திரம், 15 நாள் போக்குவரத்துக் காவலர்களுக்கு உதவி, மது மறப்பு ஆலோசனை, சாலை விபத்து பற்றி 300 சொல் கட்டுரை. நாடு கொந்தளித்த பிறகு மே 22-இல் அதே வாரியம் சிறுவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. கொடுத்த பிணையை ரத்து செய்யாமலே அடைத்துவைத்திருந்ததால் ஜூன் 25-இல் மும்பை உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்க உத்தரவிட்டது. முதலில் இரக்கத்தில் அவசரம், பிறகு கண்டிப்பில் அவசரம். இரண்டிலும் சட்டத்தைப் படிக்க நேரமில்லை. அக்டோபரில் வாரியத்தின் இரு உறுப்பினர்களை அரசு நீக்கியது. அவர்களை அங்கே அமர்த்தியவர்களுக்கு எந்த நோட்டீஸும் போனதாகத் தெரியவில்லை.

ரத்த மாதிரிக் கதையோ இதைவிடக் கேவலம். அரசு மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தில் மது இல்லை என்று அறிக்கை வந்தது. வேறொரு மருத்துவமனையில் எடுத்த மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டபோதுதான் முதல் ரத்தம் அந்தச் சிறுவனுடையதே இல்லை என்று வெளிப்பட்டது. தாயின் ரத்தத்தைப் பணம் வாங்கிக்கொண்டு மாற்றி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முதலில் ரத்தம் எடுத்த அந்த மருத்துவமனைதான் 2023 அக்டோபரில், போதைப்பொருள் வழக்கில் சிக்கிய ஒரு கைதியை மாதக்கணக்கில் நோயாளி என்று படுக்கவைத்திருந்து தப்பியோட விட்ட இடம். அப்போதும் குழு அமைத்தார்கள், அறிக்கை கேட்டார்கள், நிர்வாகத்தை மாற்றினார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதே கட்டடத்தில் ரத்தம் கைமாறியது. போன முறை கற்றுக்கொண்டது என்ன என்று அவர்களைக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அதற்கும் முன்னால் போகலாம். 2002 செப்டம்பரில் பாந்த்ராவில் பேக்கரி வாசலில் படுத்துக் கிடந்த ஏழைகள் மேல் ஒரு வண்டி ஏறியது. ஒருவர் இறந்தார், நான்கு பேர் காயமடைந்தார்கள். 13 ஆண்டு நடந்த வழக்கில் கடைசியில் உயர் நீதிமன்றம் சொன்னது, அரசுத் தரப்பு எதையும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை என்று. ஓட்டியது யார் என்பதற்கே அங்கே விடை கிடைக்கவில்லை. கல்யாணி நகருக்குப் பிறகாவது திருந்தினார்களா? ஏழே வாரத்தில், 2024 ஜூலை 7 அதிகாலையில், மும்பை வொர்லியில் மீன் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பிய தம்பதி மேல் ஒரு பிஎம்டபிள்யூ மோதி, மனைவியை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்க் கொன்றது. ஓட்டிய 24 வயது இளைஞர் ஆளும் தரப்புப் பிரமுகர் ஒருவரின் மகன். பிடிபடும் முன் இரண்டு நாள் கரைந்தது. அந்த இரண்டு நாளில் ரத்தத்தில் என்ன மிச்சமிருக்கும் என்று காவல் துறைக்குத் தெரியாதா?

கடுமையான மது வகைகளை அருந்த மகாராஷ்டிரத்தில் குறைந்தபட்ச வயது 25. புணே சிறுவனின் கூட்டம் விபத்துக்கு முன் அன்றிரவு ஒரு மதுக்கூடத்தில் ஒன்றரை மணி நேரத்தில் 48,000 ரூபாய் செலவழித்ததாகக் காவல் ஆணையரே சொன்னார். இந்த விபத்துகளுக்குப் பிறகு புணேயிலும் மும்பையிலும் மதுக்கூடங்கள் மேல் புல்டோசர் ஏறியது. கேமராக்கள் படம் பிடித்தன. அந்தக் கட்டடங்கள் விதி மீறியவை என்றால், அதுவரை அங்கே விளக்கெரிய அனுமதித்தது யார்? சாவு விழுந்த பிறகு சுவரை இடிப்பதும், சட்டத்தில் இடமில்லாத மனுவைப் போடுவதும், கீழே இருப்பவரை இடைநீக்கம் செய்வதும் ஒரே பழக்கம்தான். ஒவ்வொரு முறையும் அதே மேசைகளிலிருந்து அதே கையெழுத்துகள் வருகின்றன. இவர்களுக்கு வெட்கம் வேண்டும்.

மேல்முறையீடு போகலாம் என்ற பேச்சும் எழுந்தது. போகட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் மறுபடியும் ஒரு வயதுச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓராண்டு ஓட அனுமதிக்க முடியாது. பதிவு, உரிமம், மது, மருத்துவமனை, காவல் நிலையம் என்று இந்தச் சாவுக்குக் கதவு திறந்துவிட்ட ஒவ்வோர் இடத்திலும் பொறுப்பில் இருந்தவர் யார் என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லவைக்க ஒரு வழி காணப்பட வேண்டும். அதிகபலம் கொண்ட வண்டிகளை யார் கையில் கொடுப்பது என்பதை மத்திய அரசும் இனியாவது யோசிக்கத் தொடங்க வேண்டும். அதுவரை, மார்ச் முதல் மே வரை அந்த 1,758 ரூபாயைக் கேட்டு வாங்க வேண்டியிருந்த அதிகாரியின் பதவியையாவது சொல்லுங்கள். பெயர்கூட வேண்டாம்.