"இயன்ற மட்டும்"

எச்.ஐ.வி. கிருமி கண்டவர்களின் உரிமைகளைக் காப்பதற்கென்று 2017-ம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் பல பிரிவுகள் போற்றத்தக்கவை. ஆனால் 14-வது பிரிவைப் படிப்பவர் எவரும் சற்றுத் தயங்காமலிரார். பரிசோதனை வசதிகளையும், கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சையையும் மத்திய, மாநில சர்க்கார்கள் "இயன்ற மட்டும்" அளிக்க வேண்டுமென்று அப்பிரிவு கூறுகிறது. மசோதா நிலையிலேயே நோயாளிகளின் சங்கங்களும் எதிர்க்கட்சி அங்கத்தினர் சிலரும் இச்சொற்களை ஆட்சேபித்தனர். ஆட்சேபம் பலிக்கவில்லை. 2018 செப்டம்பர் 10-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது அச்சொற்களும் கூடவே வந்தன.

சாலை போடுவதையும் பூங்கா அமைப்பதையும் "இயன்ற மட்டும்" செய்யலாம். இவ்வருஷம் இயலாதது வருகிற வருஷம் ஆகலாம். இம்மருந்தின் தன்மை வேறு. இது கிருமியை அழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. நாள் தவறாமல் உண்டு வந்தால் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலம் அது மற்றவருக்குப் பரவுவதில்லை. மருந்து விட்டு விட்டுக் கிடைத்தாலோ, அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கே வசப்படாத கிருமியாகவும் மாறும். அப்போது அதைவிட விலையுயர்ந்த மருந்துகளைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே மாதத்தில் இருபது நாள் இயன்றது, பத்து நாள் இயலவில்லை என்று சொல்வது, இவ்விஷயத்தில் முழுவதும் கைவிட்டதற்குச் சமீபமானதே.

இது வீண் அச்சமென்று கருதுவோர் 2022-ம் வருஷத்தை நினைவுகூர வேண்டும். அவ்வருஷம் ஜூலையில் டில்லியிலுள்ள தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் வாசலில் நோயாளிகள் அமர்ந்து ஒரு மாதத்துக்கும் மேலாகப் போராடினர். ஒரு மாத மருந்து வாங்க வந்தவர்களுக்குச் சில நாள் மருந்தே கொடுத்தனுப்பப்படுகிறதென்பது அவர்கள் முறையீடு. தேசம் முழுவதையும் நோக்கினால் பற்றாக்குறை இல்லையென்பது அதிகாரிகளின் பதில். விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. வெறும் கையுடன் வீடு திரும்புபவனுக்குத் தேசிய சராசரியால் என்ன பயன்? சட்டத்தில் "இயன்ற மட்டும்" என்று இருக்கும் வரையில், "இயன்றதைச் செய்தோம்" என்று கூறி ஒதுங்கச் சர்க்காருக்கு வழி உண்டு.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. ஆனால் அது உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கு உரியது. வெளிநோயாளியாக வந்து மாதந்தோறும் வாங்கிச் செல்லும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. படுக்கையில் விழுந்தவனுக்கு அந்த இன்ஷூரன்ஸ். படுக்கையில் விழாதிருப்பதற்காக இந்த மாத்திரை! தனியார் கம்பெனிகளின் விஷயத்தில், இன்ஷூரன்ஸ் மறுப்பதை இதே சட்டத்தின் 3-வது பிரிவு தடுக்கிறதெனினும், இன்ஷூரன்ஸ் கணித நிபுணர்களின் ஆராய்ச்சி ஆதாரமிருந்தால் பாகுபாடு காட்டலாமென்று அங்கும் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே ஏழைக்குச் சர்க்கார் மருந்தகத்தைத் தவிர வேறு புகலில்லை.

சர்க்கார் செய்திருக்கும் நன்மையை நாம் மறைக்கவில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுநீதி சாலமனின் குழுவினர் இத்தேசத்தில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தனர். 2004 ஏப்ரல் 1-ந் தேதி இலவச சிகிச்சை தொடங்கியபோது முதல் எட்டு நிலையங்களில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்றாயிருந்தது. இன்று லட்சக்கணக்கானோர் அம்மருந்தால் உயிர் வாழ்கின்றனர். பெருங்காரியம்தான். ஆனால் கருணையால் கிடைப்பது கருணை குன்றியபோது நின்றுவிடும்; உரிமையாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்கலாம்.

பணம் எங்கே என்ற கேள்வி எழும். பிரேஸில் தேசம் 1996 நவம்பரிலேயே, இந்நோயாளிகளுக்கு வேண்டிய மருந்துகள் யாவும் பொதுச் சுகாதார அமைப்பின் மூலம் இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டுமென்று சட்டம் செய்தது. அக்காலத்தில் ஒருவருக்கு ஒரு வருஷ மருந்தின் விலை பதினாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் நமது சிப்லா கம்பெனி அதே வகை மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலக விலையே சரிந்தது. 2007-ல் எஃபாவிரென்ஸ் என்னும் மருந்தின் பேடண்டு உரிமையை மீறுவதற்குக் கட்டாய லைசென்ஸ் பிறப்பித்த பிரேஸில், அதை இந்தியாவிலிருந்தே வாங்கிற்று. பிரேஸில் நம்மைவிடப் பணம் படைத்ததென்பது மெய்யே. ஆயினும் மருந்து மிக உயர்ந்த விலையில் விற்ற நாளில் அவர்களுக்கு இயன்றது, விலையைச் சரித்த தேசத்துக்கு இன்று இயலாதென்பதை எவ்வாறு ஏற்பது? ஏழை நாடுகள் பலவற்றுக்கு மருந்து செய்தனுப்பும் தேசம் தன் பிரஜைக்கு மட்டும் "இயன்றால்" என்று சொல்வது நமக்குக் கௌரவமன்று.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, 14-வது பிரிவிலிருந்து அச்சொற்களை நீக்கித் திருத்தச் சட்டம் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, டெண்டர் தாமதமானாலும் மருந்து நிற்காதபடி ஒவ்வொரு மாநிலத்திலும் பல மாதக் கையிருப்பு வைக்க வேண்டும். மூன்றாவது, சர்க்கார் இன்ஷூரன்ஸ் திட்டங்கள் வெளிநோயாளிகளின் நிரந்தர மருந்துகளையும் ஏற்க வேண்டும்.

இந்நோயாளிகளில் அநேகர் ஊருக்கு அஞ்சி வாய் திறவாதவர்கள். அவர்களுக்காகப் பேசுவது பொதுக் காரியங்களில் ஈடுபட்டோரின் கடமையாகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: "14-வது பிரிவைத் திருத்த நீர் கை தூக்குவீரா?" பதில் எதுவாயினும் அதை ஜனங்கள் அறியட்டும்.