டயர் வளர்ந்தால் பிரேக்கும் வளர வேண்டும்

புதிதாக எஸ்யூவி வாங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் டயரில்தான். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற வண்டிகளில் உயரமான, அகலமான முரட்டு டயர் ஏறியதும் தோற்றமே மாறிவிடுகிறது. டயருக்கும் அலாய் வீலுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டிக்கொடுக்கவும் பலர் தயங்குவதில்லை. ஆனால் அந்த வண்டியை நிறுத்தப்போகிற பிரேக்கைப் பற்றிக் கடைக்காரரும் வாய் திறப்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. இந்த வழக்கம் மாறியாக வேண்டும்.

கணக்கு எளிமையானது. 2020இல் வந்த தாரின் 18 இன்ச் வீல் மாடலில் இருப்பது 255/65 ஆர்18 டயர். அதன் மொத்த விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். பலர் ஆசைப்பட்டு மாட்டும் 33 இன்ச் டயரின் விட்டம் 838 மில்லிமீட்டர். வித்தியாசம் 6 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. பார்ப்பதற்குச் சிறிய எண்தான், ஆனால் பல வழிகளில் அது பிரேக்கின் தலையில் வந்து விழுகிறது.

முதலாவது, நெம்புகோல் விதி. பிரேக் டிஸ்க் பழைய அளவிலேயே இருக்க, சாலையைத் தொடும் விளிம்பு மட்டும் தள்ளிப்போகிறது. ஒருவர் கதவை ஓரத்தில் கைவைத்துத் தள்ளும்போது இன்னொருவர் கீல் அருகே நின்று தடுப்பது போன்ற நிலை அது. அதே வேகக் குறைப்புக்குப் பெடலை முன்பைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, ஸ்பீடோமீட்டர். முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் இப்போது 80 என்று காட்டும்போது வண்டி 85 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இயக்க ஆற்றல் கூடுவதால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 13 சதவீதம் அதிகம்.

மூன்றாவது, எடை. டயரின் வெளி விளிம்பில் கூடும் ஒரு கிலோ, நகர்வதோடு சுழலவும் செய்வதால், நிறுத்தும்போது ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் கணக்கில் வரும். நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை. டயர் பெரிதானால் கியர் விகிதம் நடைமுறையில் உயர்ந்துவிடுகிறது. இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் வலு அந்த அளவுக்குக் குறைகிறது. இன்ஜின் கைவிட்ட சுமையையும் பிரேக்தான் சுமக்க வேண்டும்.

சமவெளியில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. மலையில் தெரியும். 2,000 கிலோ எடையுள்ள வண்டி 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிரேக்கில் வெப்பமாக மாறுவது சுமார் 5 லட்சம் ஜூல். அதே வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால் கரைக்க வேண்டிய ஆற்றல் அதைப்போல 40 மடங்கு. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் முழு லோடுடன், கூரையில் கேரியரும் முன்னால் இரும்பு பம்பரும் சுமந்து இறங்கும் வண்டியை நினைத்துப் பார்க்கலாம். பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை அமிழும், அப்போதும் வண்டி நிற்காது.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பது வழக்கமாக வரும் பதில். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, சூடேறிய பேடுக்கு உராய்வைத் திருப்பித் தராது. இன்னொரு பக்கம், விலை உயர்ந்த பெரிய பிரேக் கிட் வாங்கினால் போதும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. ஒரே ஒரு அவசர பிரேக்கில் நிற்கும் தூரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது டயரின் பிடிமானம்; சேற்றுக்காகச் செய்த டயர்கள் ஈரத் தார்ச்சாலையில் சாதாரண டயரைவிட வழுக்கக்கூடியவை. பெரிய டிஸ்க்கின் உண்மையான பயன், வெப்பத்தைத் தாங்குவதும் குறைந்த மிதியில் அதிக விசை தருவதும்தான்.

ஆகவே மேம்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் புதிய பிரேக் ஆயில். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அடுத்து, கூடுதல் வெப்பம் தாங்கும் தரமான பேடுகள். அதற்குப் பிறகே பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர். காலிப்பரின் பிஸ்டன் பெரிதானால் மாஸ்டர் சிலிண்டரும் ஈடுகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும். முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் முன், பின் சமநிலை கெடும். 2020இல் வந்த தாரில் பின்னால் இருப்பது டிரம் பிரேக் என்பதால் அந்தச் சமநிலை இன்னும் கவனத்துக்குரியது. இதைத் தெருமுனைப் பட்டறையில் அரை மணி நேரத்தில் முடித்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? உற்பத்தியாளரின் மூல அளவுகளை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது; இரண்டும் சேர்ந்தும் விதிக்கப்படலாம். ஆனால் பெரிய டயர் பகிரங்கமாக விற்பனையாகிறது. தனியார் வாகனங்களுக்கோ 15 ஆண்டுகள் கழித்துத்தான் தகுதிச் சோதனை. பொறுப்போடு பெரிய டிஸ்க் மாட்டுகிறவரும் அதே விதியில் சிக்குவார் என்பதால், டயரை மட்டும் மாற்றிவிட்டு அமைதியாக இருப்பதே வசதி என்ற நிலை உருவாகியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் தேசிய வாகன மாற்ற விதித்தொகுப்பு, நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு உற்பத்தியாளர் அனுமதித்த மிகப்பெரிய டயரைவிட 50 மில்லிமீட்டர் வரை கூடுதல் விட்டம் என்று தெளிவான எல்லை வைத்திருக்கிறது. இங்கும் அப்படி அளக்கக்கூடிய ஒரு வரம்பு தேவை. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளக்கும் உருளைச் சோதனைக் கருவி தானியங்கி வாகனச் சோதனை நிலையங்களில் இருக்கிறது. டயர் அளவை மாற்றிய தனியார் வண்டிகளும் அங்கே கட்டணம் செலுத்திச் சோதனை செய்து, தேறினால் பதிவுச் சான்றில் புதிய அளவைப் பதிந்துகொள்ள அரசு வழி செய்ய வேண்டும். அதுவரை டயர் கடைகள், பேடும் பிரேக் ஆயிலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமல் பெரிய டயரை மாட்டி அனுப்பக் கூடாது. பிரேக்குக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் உற்பத்தியாளர் தந்த அளவிலேயே ஓட்ட வேண்டும்.