பேஸ்ட் போட்டால் கீறல் போகுமாம்!

எங்கள் சித்தப்பா போன வாரம் தன் மூக்குக்கண்ணாடிக்குப் பல் விளக்கிவிட்டார். வெள்ளைப் பேஸ்ட்டைப் பஞ்சில் எடுத்து வட்டவட்டமாகத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் விழுந்த எந்தக் கீறலும் மாயமாகும் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ சொன்னதாம். மாயமானது உண்மைதான். இப்போது கீறல் எது, லென்ஸ் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் பச்சைப் பளபளப்பு வளையமாக மிஞ்சியிருக்கிறது. நடுவே கஞ்சி வடித்த ஆவி படிந்தாற்போல வெள்ளை மங்கல்.

பேஸ்ட்டில் இருப்பது சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற நுண்பொடி. பல்லில் படிந்த கறையை உரசி எடுப்பதற்காகச் சேர்த்தது. அது எந்தக் கீறலையும் நிரப்பாது. சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தோடு சமமாக்கப் பார்க்கும். சித்தப்பாவின் லென்ஸில் அந்த மேடே பூச்சுதான். கீறலைத் தாங்குவதற்கான பூச்சு சில மைக்ரான் தடிமன். அதன்மேல் கண்கூச்சத்தைக் குறைக்கும் பூச்சு ஒரு மைக்ரான்கூட இல்லை. இதில் எதைத் தேய்த்து எதைச் சமமாக்குவது?

"சிடிக்கு வேலை செய்ததே" என்பார்கள். செய்தது. 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட், தேய்க்க இடமிருந்தது. அதுவும் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் தேய்த்தவர்களுக்குத்தான். சிடி போய்ச் சேர்ந்துவிட்டது, வைத்தியம் மட்டும் உயிரோடு அலைகிறது.

கார் ஹெட்லைட்டையும் விடுவதில்லை. மஞ்சளேறிய விளக்கு பேஸ்ட்டில் பளிச்சிடும். வீடியோவும் அத்தோடு முடிந்துவிடும். வெயிலைத் தாங்கப் போட்டிருந்த பூச்சில் மிச்சமிருந்ததும் போயிருக்கும், விளக்கு மறுபடி மஞ்சளாகும். அதை எவர் படமெடுக்கிறார்? வேலை தெரிந்தவர் 1000, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிப்பார். சித்தப்பாவின் லென்ஸுக்கு அந்தப் பூச்சை அடிக்க எந்தப் பட்டறைக்குப் போவது?

இந்தப் பேஸ்ட் பக்தி பிளாஸ்டிக்கோடு நின்றாலும் பரவாயில்லை. கையில் எண்ணெய் தெறித்தாலும் பேஸ்ட்தான். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டிய கையில் அப்பிக்கொண்டு போகிறார்கள். டாக்டர் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக்கடைக்காரரும் லேசுப்பட்டவரல்ல. விற்கும்போது "ஸ்கிராட்சே விழாது சார்" என்று கூடுதலாக வாங்குவார், விழுந்ததும் "எதால சார் தொடச்சீங்க?" என்பார். எல்லோரையும் போல வேட்டி நுனியால்தான், தூசியோடு சேர்த்து.

லென்ஸில் விழுந்த கீறலை வீட்டில் எடுக்க முடியாது. பேஸ்ட்டாலும் முடியாது, அடுத்து வரப்போகும் சோடா மாவாலும் முடியாது. தினமும் குழாயடியில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசி, மெல்லிய துணியால் ஒற்றுங்கள், புதுக்கீறல் குறையும். பழைய கீறல் கண்ணை உறுத்தினால் லென்ஸை மாற்றுங்கள்.