கடனாகும் காவல்

குற்றக் கூட்டங்களை நடத்தும் குடும்பங்களின் பகையைக் கூறும் கதைகளை நம் இல்லங்களில் இளைஞரும் முதியோரும் ஒருங்கே விரும்பிப் பார்க்கின்றனர். துப்பாக்கி வெடிப்பதே அவற்றின் சுவை என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. வெடிக்கும் முன்னர் நிகழும் பேரப் பேச்சிலேதான் அவற்றின் உயிர் இருக்கிறது.

மாரியோ பூசோ 1969-இல் எழுதிய 'காட்பாதர்' புதினத்தை எடுத்துக்கொள்வோம். 1972-இல் அது திரைப்படமாகவும் வந்தது. நியூயார்க் நகரின் ஐந்து மாபியாக் குடும்பங்களுள் ஒன்றின் தலைவர் விட்டோ கார்லியோனி. போதைப்பொருள் வாணிபத்திற்குப் பணமும் அரசியல் செல்வாக்கும் வேண்டிச் சொலாசோ என்பவன் அவரை நாடி வருகிறான். அவர் பணிவோடு மறுக்கிறார். அவ்வேளையில் மூத்த மகன் ஆவல் மிகுதியால் வாய் திறந்துவிடுகிறான். தந்தை மறைந்தால் மகன் இணங்குவான் என்று கணக்கிட்ட சொலாசோ, தந்தையைச் சுடச் செய்கிறான். வீட்டுக்குள் இருந்த வேற்றுமை அவையில் வெளிப்பட்டதே அத்தனை குருதிக்கும் வித்து!

பின்னர் அம்மூத்த மகனையே பறிகொடுத்த தந்தை, பகைக் குடும்பத்தாரைக் கூட்டிப் பழி வாங்குவதில்லை என்று வாக்களிக்கிறார். அயல்நாட்டில் மறைந்திருக்கும் இளைய மகன் தீங்கின்றி வீடு திரும்ப வேண்டும் என்பதே அதற்கு அவர் கேட்கும் விலை. தந்தை இறந்தபின், திரும்பி வந்த மகனே பகைவரைக் கொல்விக்கிறான். வலிமை மட்டுமே பிணையாக நின்ற உடன்படிக்கை, ஆளோடு அழிந்தது.

நம்மவர் கதையும் உண்டு. தமிழகத்திலிருந்து பம்பாய் சென்ற வரதராஜ முதலியாரின் வாழ்வைத் தழுவி 1987-இல் வெளிவந்தது 'நாயகன்'. அதில் வரும் வேலு நாயக்கர், கேட்பாரற்ற குடிசை மக்களுக்காகப் பேசுகிறார். ஆயினும் அவர் கொன்ற காவல் அதிகாரியின் மகனே முடிவில் அவரைச் சுடுகிறான். அவ்வன்மைக்கு அவர் மனைவியும் மகனும் முன்னரே பலியாயினர்.

அயலூரில் பிழைக்க வந்தோர்க்கு இதில் படிப்பினை உண்டு. பீன்யாவில் கூலி நிலுவை நின்றாலும், வீட்டு முன்பணம் திரும்பாவிட்டாலும், "அண்ணனிடம் சொன்னால் முடிந்துவிடும்" என்று வழி காட்டுவோர் இருக்கலாம். காரியம் முடியவும் கூடும். ஆனால் 'காட்பாதர்' கதையில், மகளுக்கு நீதி வேண்டி விட்டோவிடம் வந்த ஈமத்தொழிலாளியிடம் பணம் கேட்கப்படவில்லை. என்றேனும் ஒருநாள் கைம்மாறு கேட்கப்படும் என்றே கூறப்பட்டது. நாள் குறிக்காத கடனைவிடக் கொடியது எது?

இரயில்வேயில் எழுத்தர் பணி செய்யும் நாம் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. முன்பதிவுச் சீட்டு உடையவன் எவர் தயவையும் நாடாமல் தன் இடத்தில் அமர்கிறான். தயவால் ஏறியவன் வழிநெடுக அஞ்சிக்கொண்டே செல்கிறான். ஆகவே, கூலிக் கணக்கையும் முன்பண இரசீதையும் பத்திரப்படுத்துங்கள். முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்திற்குத் தனியே செல்லாது நால்வராய்ச் செல்லுங்கள். செல்லுமுன் நமக்குள் ஒரு சொல்லாய் நில்லுங்கள். காலம் சற்று நீளலாம். ஆயினும் பெறுவது உரிமையாக இருக்கும், கடனாக இராது.