மணலிக்கு ஏன் ஆகாது?

முயல் புழுக்கையில் கண்டெடுத்த பாக்டீரியா ஒன்று இன்று உருக்காலைகளில் வேலை பார்க்கிறது. 1994இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயர் கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜெனம். மனிதரைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுதான் அதற்குச் சாப்பாடு. தின்று முடித்து எத்தனாலை வெளிவிடுகிறது.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிவாசிகள் குழு ஒன்று, இந்தப் பாக்டீரியாவை முன்வைத்துச் சென்னை மக்களிடம் ஓர் உதவி கேட்கிறது. பணம் அல்ல; வருகை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா நெடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடியவர்கள் வாழும் வட்டாரம் இது. இங்கே ஆலை தொடங்கவோ விரிவாக்கவோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், மற்ற பகுதியினரும் கேள்வியோடு வர வேண்டும் என்கிறது குழு: புகைபோக்கி வழியே போகும் வாயுவில் என்னென்ன இருக்கின்றன? அதைப் பயன்படுத்த என்ன தடை?

கற்பனையில் எழுந்த கேள்வி அல்ல. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், ஷௌகாங் உருக்காலையின் கழிவு வாயுவிலிருந்து லான்சாடெக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் 2018 முதல் எத்தனால் தயாராகிறது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஆர்சலர் மிட்டல் 2022இல் திறந்துவைத்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 8 கோடி லிட்டர். அவ்வளவு தூரம் போவானேன்? ஹரியானாவின் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில், ஹைட்ரஜனைப் பிரித்தபின் மிஞ்சும் வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 1,28,000 லிட்டர் எத்தனால் எடுக்கும் ஆலையை இந்தியன் ஆயில் நிறுவியிருக்கிறது. மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் அதே இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். ஹைட்ரஜன் இங்கும் தயாராகிறது. பானிப்பட்டுக்கு ஆனது மணலிக்கு ஏன் ஆகாது? காரணம் இருக்கலாம். இருந்தால் அதைக் கூட்டத்தில், தமிழில் சொல்லட்டும்.

மயங்கிவிடவும் கூடாது. இந்தப் பாக்டீரியா ஆக்சிஜனில் வளராது. மூடிய கலனுக்குள், ஆலையின் வாயுவைக் குழாய் வழியே கொடுத்தால்தான் அதற்குப் பிழைப்பு. தெருக்காற்றைச் சுத்தம் செய்ய அதை அவிழ்த்துவிட முடியாது. அனல் மின் நிலையங்களின் சாம்பலும் கந்தக டை ஆக்சைடும் அதன் உணவல்ல. அவற்றுக்கு வடிகட்டியும் கந்தக நீக்கக் கருவியும்தான் வழி. ‘நுண்ணுயிரி வருகிறது’ என்று சொல்லி யாராவது அந்தச் செலவைத் தள்ளிப்போடப் பார்த்தால், அதையும் எதிர்க்க வேண்டும் என்கிறது குழு.

இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனாலைப் பெட்ரோலில் கலந்து எரித்தால், பிடித்த கார்பன் மறுபடி வானத்துக்கே போகிறது. லான்சாடெக்கும் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் இதே பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி, அசிட்டோனும் ஐசோபுரோப்பனாலும் தயாரித்த ஆய்வை 2022இல் வெளியிட்டன. எத்தனாலிலிருந்து பாலியெஸ்டர் இழை எடுத்து ஆடை தைத்தும் விற்றாயிற்று. எரிபொருளைவிட இந்த வழியே மேல் என்பது குழுவின் கணிப்பு.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம். வருகிறவர்களிடம் குழு கேட்டுக்கொள்வது இதுதான்: பேசி முடித்ததும் கிளம்பிவிட வேண்டாம். மக்கள் சொன்னதன் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் படித்து, தமிழில் விளக்க வேண்டும் என்பது விதி. தங்கள் கேள்வி அதில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகலாம்.