தீர்த்த மகிமை: நைனிதால் நயனதேவி

தட்சனின் வேள்வியில் உயிர் துறந்த சதிதேவியின் திருமேனியைச் சுமந்து ஈசன் திரிந்தபோது, அம்பிகையின் அங்கங்கள் விழுந்த இடங்கள் சக்தி பீடங்களாயின என்பது புராணம். அவ்வாறு தேவியின் திருக்கண் விழுந்த தலமாக உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவூன் மலைப்பகுதியில் போற்றப்படுவது நைனிதால். 'நைனா' என்றால் கண். 'தால்' என்றால் ஏரி. கண்ணே குளமாகி நின்ற தலம் இது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,940 மீட்டர் உயரத்தில், ஏழு குன்றுகளின் நடுவே இந்த ஏரி அமைந்துள்ளது. அத்ரி, புலஸ்தியர், புலகர் ஆகிய மூன்று முனிவர்கள் நீர் கிடைக்காமல் இங்கே பள்ளம் தோண்டி, மானசரோவரின் தீர்த்தத்தை அதில் நிரப்பினர் என்கிறது ஸ்கந்த புராணத்தின் மானஸ கண்டம். அதனால் 'திரிரிஷி சரோவர்' என்ற பெயரும் இதற்கு உண்டு.

ஏரியின் வடகரையில் நயனதேவி ஆலயம் உள்ளது. கருவறையின் நடுவே அம்பிகை இரு கண்களின் வடிவில் அருள்கிறாள். இரு மருங்கிலும் காளியும் விநாயகரும் வீற்றிருக்கின்றனர். மற்றத் தலங்களில் நாம் அம்பிகையைத் தரிசிக்கிறோம். இங்கோ அவளுடைய பார்வையையே தரிசிக்கிறோம்.

இன்று காணும் ஆலயம் பழைய ஆலயம் அன்று. 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், விடாது பெய்த பெருமழையில் வடபுறத்து மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. 151 பேர் மாண்டனர். ஆலயமும் மண்ணில் புதைந்தது. ஊர் மக்கள் மனம் தளரவில்லை. 1883-இல் அம்பிகைக்கு மீண்டும் ஆலயம் எழுந்தது. மழைநீர் மண்ணை அரித்துவிடாமல் ஏரிக்கு இறங்கிவர, சரிவுகளெங்கும் கல் வடிகால்கள் கட்டப்பட்டன. மலையையும் நீரையும் மதித்து நடந்தால்தான் இங்கே வாழ்வு உண்டு என்பதை அந்தப் பேரிடர் உணர்த்திற்று.

நாள்தோறும் ஆலய மணியோசை கேட்டு எழும் இவ்வூராருக்கு இந்த ஏரி வெறும் காட்சிப்பொருள் அன்று. அவர்களது வீட்டுக் குழாயில் வரும் குடிநீர் இந்த ஏரியைச் சார்ந்ததே. தீர்த்தமும் தாகம் தீர்க்கும் நீரும் இங்கே ஒன்றுதான்.

நிலத்திலிருந்து நீர் சுரக்கும் துளையைத் தமிழர் 'ஊற்றுக்கண்' என்றனர். நைனிதாலுக்கும் அப்படி ஓர் ஊற்றுக்கண் உண்டு. ஏரிக்கு மேலே 'சுகாதால்' என்றொரு பள்ளம் இருக்கிறது. 'வறண்ட ஏரி' என்பது அதன் பொருள். மழைக்காலத்தில் அதில் தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கசிந்து நைனி ஏரியை வந்தடைகிறது. அந்தப் பள்ளத்தில் கட்டடங்கள் எழுந்தன, இடிபாடுகள் கொட்டப்பட்டன. விளைவாக, கோடையில் ஏரியின் ஓரங்கள் மண் திட்டுகளாகக் காட்சி தந்த ஆண்டுகளும் உண்டு. ஊற்றுக்கண்ணை மூடிவிட்டு நயனதேவியின் கண்களைத் தொழுவது எங்ஙனம் பொருந்தும்?

வருவோர்க்கும் இதில் பங்கு உண்டு. புண்ணியம் என்று எண்ணி மீன்களுக்கு ரொட்டித் துண்டுகளை வீசுவோர் பலர். உண்ணப்படாதவை அழுகி நீரைக் கெடுக்கின்றன. அங்கு விடப்படும் பூமாலையும் நெகிழிப் பையும் ஊராரின் குடிநீரையே சென்று சேர்கின்றன. கரையோரம் நடந்து அமைதியாகத் தொழுது, கொண்டு சென்ற குப்பையை உடன் எடுத்து வருவதே இத்தலத்தில் செய்யத்தக்க சிறந்த வழிபாடு.

பாத்ரபத மாத வளர்பிறை அஷ்டமியையொட்டி நந்தாதேவி விழா நடைபெறும். வாழைத் தண்டு கொண்டு நந்தா, சுநந்தா ஆகிய தேவியரின் உருவங்களைச் செய்து, வழிபட்டு, ஊர்வலமாக எடுத்துச் சென்று ஏரியில் கரைப்பர். பிறந்தகம் வந்த மகளைக் கணவன் வீட்டுக்கு வழியனுப்பும் பாவனையில், பெண்கள் கண்ணீர் மல்க விடைகொடுப்பர்.

செல்லும் வழி: அருகிலுள்ள ரயில் நிலையம் காத்கோதாம், அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 35 கி.மீ. மே, ஜூன் மாதங்களில் நெரிசல் மிகுதி. மழை ஓய்ந்த அக்டோபரில் நீர் நிறைந்த ஏரியையும் தெளிந்த வானத்தையும் காணலாம்.

அன்னையின் கண் வற்றாதிருக்கட்டும். அவளது கடைக்கண் பார்வை அனைவர்க்கும் கிட்டட்டும்.